முதுமது மதிப்பளவை: நெடுங்காலம் பீப்பாயில் கிடந்த ஸ்காட்ச் விஸ்கியைச் சுவைத்தும் சுவைக்காமலும் மதிப்பிடுதல் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

பழசானால் விலை குறையும் பொருள்களே உலகில் அதிகம். ஸ்கூட்டர், மிக்ஸி, மாப்பிள்ளை முறுக்கு எல்லாம் இந்த வகை. பழசாக ஆக விலை ஏறுபவை வெகு சில: மனை, சிலை, ஸ்காட்ச் விஸ்கி. மனையைப் பற்றிப் பத்திரப் பதிவு அலுவலகங்களும் சிலையைப் பற்றி நீதிமன்றங்களும் போதிய அளவு ஆராய்ந்துவிட்டன. மூன்றாவது பொருளைத் தமிழில் முறையாக ஆராய்ந்து முடித்தவர் எவரும் இலர் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. தொடங்கியவர்கள் உண்டு. அவர்கள் பாதி ஆய்விலேயே உறங்கிவிட்டார்கள்.

ஆய்வு வினாக்கள் மூன்று. ஐம்பது, அறுபது ஆண்டு பீப்பாயில் கிடந்த ஸ்காட்ச் நல்லதுதானா? நல்லதென்றால் எவ்வளவு நல்லது? அந்த நன்மையை அறிந்தவர் யார்? முதலிரண்டு வினாக்களுக்கும் விடை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூன்றாவதற்குத்தான் ஆள் கிடைப்பது அரிது என்பது போகப் போக விளங்கும்.

கருதுகோள் வருமாறு: முதுமதுவின் சுவையும் மதிப்பும் ஓர் உறையில் இரு வாள். மூடி திறந்தால் சுவை உண்டு, மதிப்பு போய்விடும். மூடி திறக்காவிட்டால் மதிப்பு உண்டு, சுவையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆய்வு நெறி குறித்து ஒரு சொல். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று நம்மூர்ப் புட்டிகளில் அச்சிட்டிருந்தார்கள். இவ்வாய்வாளர் அதை முழுமையாக ஏற்கிறார். முதிர்ந்த ஸ்காட்ச்சைப் பொறுத்தவரை ‘பைக்கும்’ என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2. முன்னோர் ஆய்வுகள்

ஸ்காட்லாந்தில் வடித்த மதுவுக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று, அரசன் நான்காம் ஜேம்ஸின் கருவூலக் கணக்கு, 1494–95. ஜான் கோர் என்ற துறவிக்கு ‘உயிர்நீர்’ காய்ச்சுவதற்காக எட்டு ‘போல்’ அளவு மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, கொடுத்ததாக அதில் பற்று எழுதியிருக்கிறது. மால்ட் போன கணக்கு இருக்கிறது, மது எப்படி இருந்தது என்ற குறிப்பு இல்லை. துறைக்கு இது பேரிழப்பு. ஆனால் அந்தக் காலத்து உயிர்நீரை யாரும் ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் போட்டுக் காத்திருக்கவில்லை என்பதால் நம் ஆய்வுக்கு நேரடித் தொடர்பு இல்லை.

ஆய்வு முறையியலின் தந்தை என்று சாமுவேல் ஜான்சனைச் சொல்ல வேண்டும். அகராதி செய்த அந்தப் பெருமகனார் 1773இல் ஸ்காட்லாந்தைச் சுற்றியபோது, இன்வெரரி என்ற ஊரில் ஒரு சத்திரத்தில், சோதனைக்காக ஒரே ஒரு முறை விஸ்கி குடித்ததாக எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்து மால்ட் பிராந்தியைவிட மேல் என்பது அவர் கண்ட முடிவு. குடித்ததைச் சோதனை என்று பெயரிட்டு எழுதும் நெறி அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது.

1785இல் ஸ்காட்லாந்தின் மதுவைப் புகழ்ந்து பாடிய கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், 1789இல் கலால் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். இலக்கியச் சான்றும் அரசுச் சான்றும் ஒரே ஆளிடம் கிடைப்பது ஆய்வாளர்களுக்கு அரிதாக வாய்க்கும் பேறு. அடுத்த நூற்றாண்டில் ஆல்பிரட் பர்னார்ட் என்பவர் பிரிட்டன் தீவுகளின் வடிசாலைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து 1887இல் ஒரு பெரும் நூல் வெளியிட்டார். 1979இல் எடின்பரோவின் பென்ட்லண்ட்ஸ் ஆய்வுக் கூடத்தார் விஸ்கியின் மணங்களையெல்லாம் ஒரு சக்கரத்துக்குள் அடைத்தார்கள். 1989இல் மைக்கேல் ஜாக்சன் என்ற யார்க்‌ஷயர்க்காரர் மால்ட் விஸ்கிகளுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டு நூல் எழுதினார். பெயரொப்புமையால் மயங்க வேண்டாம். இவர் ஆடியவர் அல்லர், அருந்தியவர்.

3. திணைப் பாகுபாடு

பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகள், புட்டியில் அச்சிடத் தக்க நிலப்பெயர்கள் ஐந்து என்கின்றன: ஹைலண்ட், லோலண்ட், ஸ்பேசைடு, ஐலா, கேம்பல்டவுன். ஐந்து நிலம் என்று காதில் விழுந்ததும் தமிழாய்வாளர் எவருக்கும் கை பரபரக்கும். இவ்வாய்வாளருக்கும் பரபரத்தது.

மலையும் மலை சார்ந்த இடமுமான ஹைலண்ட், குறிஞ்சி. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஸ்பே ஆற்றங்கரையின் ஸ்பேசைடு, முல்லை. நாட்டின் வடிசாலைகளில் ஏறக்குறைய பாதி இங்கேதான். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். தலைவன் வருவான் என்று தலைவி ஆற்றியிருப்பது போல, இங்கே கிடங்கு கிடங்காகப் பீப்பாய்கள் ஆற்றியிருக்கின்றன. எல்ஜின் நகரத்துக் குடும்ப நிறுவனமான கார்டன் அண்ட் மெக்ஃபெயில், 1940 பிப்ரவரியில் கிளென்லிவெட் வடிசாலையில் ஒரு பீப்பாயை நிரப்பி, 2020 பிப்ரவரியில் திறந்தது. எண்பது ஆண்டுப் பிரிவைத் தாங்கிய தலைவி சங்க இலக்கியத்தில் இல்லை.

வயலும் வயல் சார்ந்த இடமுமான லோலண்ட், மருதம். உரிப்பொருள் ஊடல். தொடர்வடிகலத்தில் மலிவாகக் காய்ச்சும் தானிய விஸ்கியின் பெரிய ஆலைகள் இந்தத் தென்பகுதியில் எழுந்தன. ‘அதுவும் விஸ்கியா?’ என்று மால்ட் வடிப்பவர்கள் மூட்டிய ஊடல் முற்றி, 1908இல் ஓர் அரச ஆணையம் உட்கார்ந்தது. அடுத்த ஆண்டு, இரண்டும் விஸ்கிதான் என்று தீர்ப்புச் சொல்லி ஊடலைத் தீர்த்தது. வாயிலாக அரச ஆணையத்தையே அனுப்பிய ஊடல் வேறெந்த மருதத்திலும் இல்லை.

கடல் சூழ்ந்த ஐலா தீவு, நெய்தல். உரிப்பொருள் இரங்கல். பீட் என்ற சதுப்புநிலக் கரி எரித்த புகையில் வாட்டிய பார்லியிலிருந்து வடிப்பதால், இத்தீவின் பெரும்பாலான விஸ்கிகளில் புகையும் அயோடினும் மணக்கும். முதல் முறை வாயில் வைப்பவர் ‘இதற்கா இவ்வளவு காசு கொடுத்தோம்’ என்று இரங்குவது இயல்பே.

கேம்பல்டவுன், பாலை. பாலை தனி நிலமாகப் பிறப்பதில்லை. வேறொரு நிலம் வளம் திரிந்து பாலையாகிறது. பர்னார்ட் போய்ப் பார்த்த காலத்தில் அந்தச் சிற்றூரில் இருபதுக்கும் மேற்பட்ட வடிசாலைகள் இயங்கின. அடுத்த நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் இரண்டு மட்டும் எஞ்சின.

திணைமயக்கமும் உண்டு. ஐலாவிலேயே பெரும்பாலும் புகையில்லாமல் வடிக்கும் புன்னஹாவன் இருக்கிறது. ஸ்பேசைடிலும் புகை போடுபவர்கள் இருக்கிறார்கள். எனவே நிலத்தைக் கொண்டு மதிப்பைத் துணிய முடியாது. ஆய்வு தருக்க நூலின் வழியே நகர வேண்டியிருக்கிறது. நம் சைவ சித்தாந்திகள் அறிவு பிறக்கும் வாயில்களை மூன்றாக வைத்தார்கள்: காட்சி, கருதல், உரை. புலன் நேரே அறிவது காட்சி. அறிந்ததிலிருந்து அறியாததைத் துணிவது கருதல். பெரியவர்கள் சொன்னதை ஏற்பது உரை. மும்மலம் நீக்கப் பயன்பட்ட இந்தக் கருவிகளை இப்போது முதுமதுவின் மீது செலுத்துவோம்.

4. காட்சி அளவை

முதலில் கண். நிறம் கருத்திருந்தால் வயது கூடியது என்று மதுக் கூட்டங்களில் சொல்வார்கள். ஸ்காட்ச்சில் மதுவையும் தண்ணீரையும் தவிர ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது: சீனியைக் கருக்கி எடுத்த சாயம், இ150ஏ. நிறத்தை வைத்து வயது சொல்பவர் தலைச்சாயத்தைப் பார்த்து வயது சொல்பவர். கண் தள்ளுபடி.

அடுத்தது மூக்கு. கோப்பை அடி அகன்று வாய் குவிந்திருக்க வேண்டும். மணம் வெளியே ஓடாமல் நிற்கும். இந்த நோக்கத்துக்காகவே செய்த கிளென்கெர்ன் கோப்பை 2001இல் வந்தது. மூக்கை ஆழ நுழைக்கக் கூடாது. நுழைத்தால் சாராயக் காந்தல் உச்சி வரை ஏறி, அடுத்த பத்து நிமிடம் ஒன்றும் மணக்காது. கோப்பையை மோவாய்க்கு நேரே பிடித்து, வாயை அரைக்கால் திறந்துகொண்டு, மூச்சை மெல்ல இழுக்க வேண்டும். எதிரில் இருப்பவர்களுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்து மறந்துபோனவர் போலத் தெரியும். பொருட்படுத்த வேண்டாம்.

மணக்கும். வனிலா வரும்: ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து கொடுப்பது. தேங்காய் வரும்: மரத்தின் லாக்டோன்கள். கிராம்பு வரும்: யூஜினால் என்ற சேர்மம், கிராம்பிலும் அதேதான் இருக்கிறது. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயானால் உலர்திராட்சையும் அத்திப்பழமும் வரும். இவை எதையும் விஸ்கியில் யாரும் போடவில்லை, மரம் கொடுத்தது. மேல்நாட்டுச் சுவைஞர்கள் இதோடு நிற்பதில்லை. பழைய தோல் நாற்காலி, தேவாலயப் பெஞ்சுக்குப் பூசிய மெழுகு, சுருட்டுப் பெட்டி என்று எழுதிக்கொண்டே போவார்கள். வாசித்தால் மரச்சாமான் கடைச் சரக்குப் பட்டியலோ என்று தோன்றும்.

பிறகு தண்ணீர். ‘ஸ்காட்ச்சில் தண்ணீரா!’ என்று பதறுபவர்கள் அரைகுறைகள். தொழில்முறையாக முகர்பவர்கள் தண்ணீர் கலந்துதான் முகர்கிறார்கள். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து வேதியியலார் இருவர் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். புகைமணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, சாராயம் மிகுந்த கரைசலில் உள்ளே புதைந்து கிடக்கிறது. தண்ணீர் சேர்ந்து செறிவு இறங்கினால் மேற்பரப்புக்கு வருகிறது. நாலு சொட்டு விட்டு, கோப்பையை ஒரு சுழற்றுச் சுழற்றி மறுபடி முகர்ந்தால், முன்பு இல்லாத ஒன்று வந்து நிற்பதன் காரணம் இதுவே.

கடைசியாக நாக்கு. எத்தனை வயதோ அத்தனை விநாடி வாயில் வைத்திருக்க வேண்டும் என்றொரு மரபு சொல்வார்கள். அதன்படி மேற்படி எண்பது ஆண்டு கிளென்லிவெட்டை வாயில் விட்டவர் ஒரு நிமிடம் இருபது விநாடி பேச முடியாது. நம் மேடைப் பேச்சாளர்களுக்கு இதை அரசு செலவில் வழங்கலாம்.

நாக்கில்தான் முதுமையின் கறார் தெரியும். மரத்திலிருந்து வனிலா வருவது போலவே டானினும் வரும். நீண்ட காலம் கிடந்தால் டானின் மிஞ்சும், நாக்கின் ஓரங்கள் இழுத்துப் பிடிக்கும். ஆறு சுவையில் துவர்ப்பைத் தனியே எண்ணி வைத்த தமிழருக்கு இது உடனே பிடிபடும். இருபது வயதில் பழம் மணந்த விஸ்கி, நாற்பதில் வெறும் கட்டையாக நிற்பது உண்டு. நாற்பதிலும் கனிந்து நிற்பதும் உண்டு. எந்தப் பீப்பாய் எதைச் செய்யும் என்பது முன்கூட்டித் தெரியாது. இளமையில் சுள்ளென்று எரிந்த புகையும் வருடம் ஏற ஏறத் தணிந்துபோகும்.

ஆகக் காட்சி அளவை நமக்குச் சொல்வது: முதுமை வேறொரு சுவை, மேலான சுவை என்று சொல்ல ஆதாரம் இல்லை.

5. கருதல் அளவை

கருதலுக்கு நம் தருக்க நூலார் காட்டும் நிலையான எடுத்துக்காட்டு, ‘மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு.’ ஐலா விஸ்கியில் இது அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. புகை மணக்கிறது, ஆகவே பார்லியை வாட்டிய நெருப்பு உண்டு. தொல்லை அடுத்த கருதலில் தொடங்குகிறது: ‘சீட்டில் ஐம்பது என்று போட்டிருக்கிறது, ஆகவே நல்லது.’

வயது எப்படி வந்தது என்று பார்ப்போம். ஸ்காட்ச் என்று பெயர் பெற வேண்டுமானால் 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, மூன்று ஆண்டுக்குக் குறையாமல் கிடக்க வேண்டும். இந்தக் கட்டாயம் ருசி பார்த்து வந்ததன்று. முதல் உலகப்போரில் ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று அரசு கவலைப்பட்டது. கடுஞ்சாராயம் சந்தைக்கு வருவதைத் தடுக்க 1915இல் சட்டம் கொண்டுவந்து, முதலில் இரண்டாண்டு, பிறகு மூன்றாண்டு என்று வைத்தது. குடியைக் குறைக்க இட்ட தடையே குடியின் பெருமையாகிவிட்டது. புட்டியில் போட்டிருக்கும் எண், உள்ளே கலந்தவற்றில் மிக இளையதன் வயது. ஒன்பது பங்கு நாற்பது வயதும் ஒரு பங்கு பன்னிரண்டு வயதும் கலந்தால், சீட்டில் பன்னிரண்டுதான் போட முடியும்.

இனி அவிர்ப்பாகம். பீப்பாய் மூச்சுவிடும், ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று ஸ்காட்லாந்தில் கணக்கெழுதுகிறார்கள். 250 லிட்டர்ப் பீப்பாயை நிரப்பிவைத்தால் பன்னிரண்டு ஆண்டில் 196 லிட்டரும், இருபத்தைந்தில் 151 லிட்டரும், அறுபதில் 74 லிட்டரும் மிஞ்சும். தேவர்களோடு பந்தியில் உட்கார வேறொருவரும் வருகிறார்: பாடோய்னியா என்ற கருப்புப் பூஞ்சை. அந்த ஆவியை உண்டே கிடங்குச் சுவர்களிலும் அக்கம்பக்கத்து மரங்களிலும் கரி பூசியது போலப் படர்கிறது. மணல்கல் சுவர், மண்தரை, ஈரக்காற்று, மூன்றடுக்குப் பீப்பாய், வெளியே கருத்த கூரை: பழைய கிடங்கு ஒன்றை நினைத்துப் பார்க்க இது போதும்.

போவது தண்ணீர் மட்டுமன்று. ஸ்காட்லாந்தின் ஈரத்தில் சாராயச் செறிவும் இறங்கிக்கொண்டே போகும். 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை ஸ்காட்ச் என்று விற்கச் சட்டம் விடாது. அறுபது வருடம் தவம் கிடந்து கடைசி வருடத்தில் பெயரையே இழப்பது முனிவர்களுக்கும் நேர்ந்ததுதான். ஆகவே முதுமதுவைப் பார்த்துக்கொள்பவர் அவ்வப்போது நாடி பிடித்துப் பார்க்கிறார்.

வயது எல்லா ஊரிலும் ஒரே வயதும் அல்ல. பெங்களூரின் அம்ருத் வடிசாலையில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிறது. அங்கே பன்னிரண்டு ஆண்டு வைத்தால் கால் பீப்பாய் மிஞ்சுவதே பெரிது. அப்படி மிஞ்சியதற்குப் பேராசைத் தேவதைகள் என்றே பெயரிட்டு விற்கிறார்கள்.

கருதலின் முடிவு: சீட்டில் உள்ள எண், எவ்வளவு காலம் போயிற்று, எவ்வளவு மது போயிற்று என்பதைச் சொல்கிறது. இருப்பது எப்படி என்பதைச் சொல்லவில்லை. வாங்குபவர் காசு கொடுப்பது பெரும்பாலும் போனதற்கே.

6. உரை அளவை

காட்சி கைவிட்டது, கருதல் ஏமாற்றியது. மிஞ்சுவது ஆன்றோர் வாக்கு. மைக்கேல் ஜாக்சன் நூற்றுக்கு மதிப்பெண் போட்டார். அவருக்குப் பின் ஜிம் மரே வாசனைக்கு 25, சுவைக்கு 25, இறங்கியபின் நிற்கும் ருசிக்கு 25, சமநிலைக்கு 25 என்று வினாத்தாள் போலப் பிரித்தார். 94க்கும் 94.5க்கும் உள்ள அரை மதிப்பெண் எங்கே போயிற்று என்று மறுகூட்டல் கேட்க வழியில்லை.

உரையின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2008இல் கலிஃபோர்னியாவில் ஒரு பரிசோதனை நடந்தது. ஒரே ஒயினை 90 டாலர் என்று ஒரு முறையும் 10 டாலர் என்று மறுமுறையும் சொல்லிக் கொடுத்து, குடிப்பவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். 90 என்று கேட்டபோது இன்பத்தை எடைபோடும் பகுதி கூடுதலாக இயங்கியது. குடித்தவர்கள் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே அவர்களுக்கு நன்றாக இருந்தது. விலை காதுவழி போய் நாக்கில் இறங்குகிறது. இந்தச் சிக்கலைச் சித்தாந்திகள் முன்கூட்டியே கண்டிருந்தால் அளவை இயல் வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும்.

இனித் துறையின் தலையாய வழக்கு. 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரத்து விடுதி ஒன்றில், சீன எழுத்தாளர் ஒருவர் 1878 என்று சீட்டு ஒட்டிய மெக்காலன் விஸ்கி வாங்கினார். அளவு 20 மில்லி. விலை 9,999 சுவிஸ் பிராங்கு. புட்டியைத் திறந்தார்கள், குடித்தார், செய்தி வந்தது. அவர் நாக்கு புகார் சொல்லவில்லை. செய்தியோடு வந்த புகைப்படத்தைப் பார்த்து, அதன் தக்கையும் சீட்டும் சரியில்லையே என்று தொலைவிலிருந்த சிலர் கண்கள் புகார் சொல்லின. எஞ்சியதை ஆக்ஸ்ஃபோர்டில் கார்பன் சோதனைக்கு விட்டார்கள். பெரும்பாலும் 1970–72 காலத்தில் வடித்தது, அதுவும் மால்ட் மட்டுமன்று, தானிய விஸ்கி கலந்தது என்று வந்தது. விடுதி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

கார்பன் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது? 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில், காற்றிலிருந்த கார்பன்-14 அளவு ஏறக்குறைய இரு மடங்கானது. அந்தக் காற்றை உண்ட பார்லியில் அது பதிந்தது. பார்லியிலிருந்து விஸ்கிக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டு என்று சொல்லிக்கொள்ளும் விஸ்கியில் குண்டுக் கார்பன் இருந்தால் கதை முடிந்தது. 2018இல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் 55 அரிய புட்டிகளைச் சோதித்ததில் 21 பொய்யானவை. அணுகுண்டால் மனித குலத்துக்கு விளைந்த ஒரே நன்மை இதுவாக இருக்கலாம்.

முதுமதுவுக்கு வயது சொல்லும் தகுதி நாக்குக்கு இல்லை, கார்பன் சோதனைக்கே உண்டு என்று இவ்வழக்கால் நிறுவப்பட்டது.

7. களப்பணி

அளவால் ஸ்காட்ச்சை அதிகம் வாங்கும் நாடு என்ற இடத்தை 2022இல் பிரான்சிடமிருந்து இந்தியா பறித்துக்கொண்டது. இறக்குமதிக்கு நெடுங்காலம் 150 சதவீதச் சுங்கம் இருந்ததால், நல்ல சரக்கு நம் வீடுகளுக்குக் கடை வழியே வந்ததைவிட விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ வழியே வந்ததே மிகுதி. வந்தது நேரே பீரோவுக்குள் போகும். பட்டுப்புடவைக்கும் பத்திரத்துக்கும் நடுவே, அட்டைப்பெட்டி கலையாமல், நிற்கும். இத்தகைய பீரோ ஒன்றின் முன் நிகழ்ந்த உரையாடல் தரவாக இங்கே தரப்படுகிறது:

“சித்தப்பா, இது எத்தன வருஷத்து சரக்கு?”

“பதினெட்டுன்னு போட்ருக்கான். நான் வாங்கிப் பன்னண்டு வருஷம் ஆச்சு. கூட்டிக்க, முப்பது.”

“பாட்டில்ல வயசு ஏறாதாமே சித்தப்பா?”

“ஒனக்கு ஏறுதுல்ல? அதுக்கு மட்டும் எப்படிடா ஏறாம இருக்கும்?”

“சரி, எப்பத் திறக்குறதா உத்தேசம்?”

“அதுக்குன்னு ஒரு நல்ல நாள் வரணும்ல.”

இத்தரவில் பிழை ஒன்று, பேருண்மை ஒன்று. பிழை: கண்ணாடிக்கு மரத்தின் குணம் இல்லை. பீப்பாயை விட்டு வெளியே வந்த நாளிலேயே விஸ்கியின் வயது நின்றுவிடுகிறது. பதினெட்டு எத்தனை பொங்கல் கண்டாலும் பதினெட்டே. படுக்க வைத்தால் தக்கையைச் சாராயம் அரிக்கும், வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், தக்கை சுருங்கினால் புட்டியின் தோள் வரை மட்டம் இறங்கும். ஆகப் பீரோவில் நடக்கக்கூடியது நஷ்டம் மட்டுமே.

பேருண்மை: நல்ல நாள் வருவதில்லை. பெண்ணின் நிச்சயதார்த்தம் வந்தது, புதுமனை வந்தது, பணி ஓய்வு வந்தது. எதுவும் அந்தப் புட்டியின் தகுதிக்கு எட்டவில்லை. திறக்காமல் இருக்க இருக்கச் சித்தப்பாவின் மனத்தில் அதன் மதிப்பு ஏறுகிறது. கருதுகோளின் நடைமுறை வடிவம் இது. திறக்கப்பட்ட புட்டிகளுக்கோ மறுமை ஒன்றே: கழுத்து வரை தண்ணீர், மேலே மணிபிளான்ட்.

8. பகுப்பாய்வு

சித்தப்பாவின் பீரோவும் லண்டனின் சோதபி ஏலக்கூடமும் ஒரே விதியில் இயங்குகின்றன. 1926இல் வடித்து அறுபது ஆண்டு பீப்பாயில் வைத்து 1986இல் புட்டியிலிட்ட மெக்காலன், மொத்தம் நாற்பது புட்டிதான் தேறியது. செறிவு 42.6 சதவீதம், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பெயர் போயிருக்கும். இத்தாலிய ஓவியர் வலேரியோ அதாமி வரைந்த சீட்டு ஒட்டிய ஒரு புட்டி, 2023 நவம்பரில் கட்டணம் உட்பட 21,87,500 பவுண்டுக்குப் போனது.

புட்டி 750 மில்லி. நம்மூர் பெக் 30 மில்லி. இருபத்தைந்து பெக். ஒரு பெக் 87,500 பவுண்டு. அன்றைய நாணய மதிப்பில் ஏறத்தாழ 90 லட்சம் ரூபாய். தொட்டுக்கொள்ள ஊறுகாய் தனி.

விற்பதற்கு முன் அந்தப் புட்டியை வடிசாலைக்கே கொண்டுபோய்த் தக்கை மாற்றி, சீட்டின் மூலைகளை ஒட்டி, ஒரு மில்லி எடுத்துச் சோதித்தார்கள். ஏல நிறுவனத்தின் விஸ்கித் துறைத் தலைவர் ஒரு துளி, ஒரே ஒரு துளி, சுவைத்து உலர்பழம், மசாலா, மரம் என்றார். துளிக்கு 0.05 மில்லி என்று கொண்டால் அவர் நாக்கில் இறங்கியது பதினைந்தாயிரம் ரூபாய். இருபத்திரண்டு கோடி ரூபாய்ப் பொருளின் சுவையைப் பற்றி உலகுக்குக் கிடைத்த சாட்சி அந்தத் துளிதான். இரண்டாவது துளி எடுத்திருந்தால் சாட்சி வலுத்திருக்கும், சொத்து குறைந்திருக்கும்.

9. முடிவுகளும் பரிந்துரைகளும்

அ) கருதுகோள் நிறுவப்பட்டது. சுவையை அறிந்தால் மதிப்பு போகும். மதிப்பைக் காத்தால் சுவை தெரியாது.

ஆ) குடிப்பதற்காக வாங்குபவர் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் நிற்பது நல்லது. மரமும் மதுவும் ஒன்றையொன்று அடக்காத பருவம் அது. இருபத்தைந்துக்கு மேல் வாங்குபவர் துவர்ப்புக்கும் தேவர்களுக்கும் தண்டம் கட்டுகிறார் என்பதைத் தெரிந்து வாங்கட்டும்.

இ) பீரோவில் வைத்திருப்பவர்கள் நிமிர்த்தி வைக்கவும். நல்ல நாளுக்குக் காத்திருப்பவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமையை நல்ல நாளாக அறிவித்துக்கொள்ளலாம்.

ஈ) மூன்றாவது ஆய்வு வினா எஞ்சியிருக்கிறது: முதுமதுவின் நன்மையை உள்ளபடி அறிந்தவர் யார்? ஏலம் எடுத்தவர் திறப்பதில்லை. மதிப்பெண் போடுபவருக்குப் பெயரும் வயதும் முன்பே தெரியும். விலை அறிந்தவரின் நாக்கை விலை கெடுத்துவிட்டது. ஒருவர் மட்டும் மிச்சம்.

ஸ்பேசைடு கிடங்குகளில் வேலை பார்த்தவர்களிடம் ‘செப்பு நாய்’ என்றொரு கருவி இருந்தது. ஒரு முனை அடைத்த செப்புக்குழாய், நூல் கட்டியது. மேற்பார்வையாளர் திரும்பிய நேரம் பார்த்துப் பீப்பாயின் அடைப்பை எடுத்து, குழாயை இறக்கி, நிரப்பி, கால்சட்டைக்குள் தொடையோரமாகத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். எசமானர்கள் நாய் எங்கே என்று கேட்டதில்லை. 1970கள் வரை வேலை நேரத்தில் வடிசாலையே அளந்து கொடுத்தது தனி. அதில் கிடைத்தது பெரும்பாலும் இளஞ்சரக்கு. எந்தப் பீப்பாய் கனிந்திருக்கிறது, எது கட்டையாகிவிட்டது என்பது நாய் வைத்திருந்தவருக்கே தெரியும். இருட்டில் குடித்ததால் நிறம் ஏமாற்றவில்லை. சீட்டு ஒட்டுமுன் குடித்ததால் எண் ஏமாற்றவில்லை. காசு கொடுக்காததால் விலையும் ஏமாற்றவில்லை. கருதலும் உரையும் கலவாத தூய காட்சி அளவை உலகில் அவர்களுக்கு மட்டுமே வாய்த்தது.

ஆதலின், செப்பு நாய் வைத்திருந்த பழைய கிடங்குத் தொழிலாளர் அனைவருக்கும் முனைவர் பட்டம் வழங்கலாம் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. வாய்மொழித் தேர்வு அவர்களுக்கு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.